டின்னரில் எதற்கு இரண்டு 'என்'?

'ஐடியா' என்று ஆங்கிலத்தில் எழுத 4 எழுத்து போதும். 'ஸ்ட்ரெங்த்ஸ்' என்று பன்மையில் எழுத 9 எழுத்து வேண்டும். ஆனால் முதல் சொல்லில் 3 அசை (சிலபிள்), அடுத்ததில் ஒன்றே ஒன்று. ஆங்கிலத்தில் அசையைக் காதால்தான் எண்ண வேண்டும். எத்தனை உயிரொலியோ அத்தனை அசை. தாடைக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள், ஒவ்வோர் அசைக்கும் தாடை ஒருமுறை இறங்கும். 'டேபிள்' போன்ற சொற்கள் கொஞ்சம் ஏமாற்றும்: அங்கே இரண்டாம் அசையில் உயிரொலியின் வேலையை 'எல்' ஒலியே பார்த்துக்கொள்கிறது.

நம் யாப்பிலக்கண அசையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 'மலர்' நமக்கு ஒரே நிரையசை; இந்தக் கணக்கில் அது இரண்டு.

சரி, சொல்லை அசை அசையாகப் பிரித்து என்ன பயன்? எழுத்துக்கூட்டலில் தெரியும். அசை உயிரெழுத்தில் முடிந்தால் அது திறந்த அசை. அந்த உயிரெழுத்து பெரும்பாலும் தன் பெயரையே ஒலிக்கும். 'டைகர்' என்பதில் முதல் அசை 'டி, ஐ' என்ற இரண்டு எழுத்தோடு முடிகிறது, அதனால் 'டை'. மெய்யெழுத்து வந்து கதவைச் சாத்தினால் உயிர் குறுகிவிடும்.

இப்போது 'டைனர்', 'டின்னர்' இரண்டையும் பாருங்கள். எழுத்தில் வித்தியாசம் ஒரே ஒரு 'என்'. ஒன்றுதான் இருந்தால் அது அடுத்த அசைக்குப் போய்விடும், முதல் அசை திறந்தே கிடக்கும். இரண்டு இருந்தால் முதலாவது கதவைச் சாத்துகிறது. இங்கேதான் நாம் தடுக்கி விழுகிறோம். தமிழில் பாடு வேறு, பாட்டு வேறு. இரட்டித்த மெய்யை அழுத்தித்தான் சொல்வோம். அதே பழக்கத்தில் 'டின்னர்' என்று அழுத்துகிறோம். ஆங்கிலேயர் வாயில் அந்த 'என்' ஒரு முறைதான் ஒலிக்கும். இன்னொன்று வெறும் அடையாளம், 'முன்னால் இருக்கும் உயிரை நீட்டாதே' என்று. தத்திக் குதிப்பதைக் குறிக்கும் 'ஹாப்' சொல்லோடு 'இங்' சேர்க்கும்போது 'பி' இரட்டிப்பதும் இதற்காகத்தான். இரட்டிக்காவிட்டால் அது 'ஹோப்பிங்' ஆகி, தத்துவது நம்புவதாகிவிடும்!

விதி எல்லா இடத்திலும் செல்லாது. 'லெமன்' சொல்லில் ஒற்றை 'எம்'தான், ஆனாலும் உயிர் குறுகியே ஒலிக்கிறது. அகராதிகள் அந்த 'எம்'மை முதல் அசையோடு சேர்த்துவிடுகின்றன. தெரியாத சொல் வந்தால் முதலில் திறந்த அசையாகப் படித்துப் பார்ப்பதும், பொருந்தாவிட்டால் அப்புறம் மூடிப் பார்ப்பதும்தான் வழி.

'ரெக்கார்ட்' என்ற சொல் இன்னும் வேடிக்கை. பெயர்ச்சொல்லாக வந்தால் அழுத்தம் முதல் அசையில், 'சி' எழுத்தும் அங்கேயே. பதிவு செய் என்ற வினையாக வந்தால் அழுத்தம் இரண்டாம் அசைக்குத் தாவுகிறது. அமெரிக்க அகராதிகளில் 'சி'யும் கூடவே கட்சி மாறிவிடுகிறது.