அங்கவடி எலும்பின் கண்ணாமூச்சி

காதுக்கு எடுத்த சிடி ஸ்கேனில், நடுக்காதின் மேற்பகுதி வரும் படத்தைப் பார்த்தால் ஒரு கோன் ஐஸ்கிரீம் தெரியும். கதிரியக்க மருத்துவர்களே அதை அப்படித்தான் சொல்வார்கள். நடுக்காதில் ஒலியைச் செவிப்பறையிலிருந்து உள்காதுக்குக் கடத்தும் மூன்று குட்டி எலும்புகள் வரிசையாக உண்டு: சுத்தி, பட்டடை, அங்கவடி. உருண்டை, சுத்தி எலும்பின் தலை. கூம்பு, பட்டடை எலும்பு. தலையில் அடிபட்டவரின் படத்தில் உருண்டைக்கும் கூம்புக்கும் நடுவே இடைவெளி விழுந்திருந்தால், மூட்டு விலகியிருக்கிறது. பெரும்பாலும் இடம் பெயர்வது பட்டடைதான். சுத்தியைச் செவிப்பறையும் ஒரு தசையும் பிடித்திருக்கின்றன. அங்கவடியை வேறொரு தசை பிடித்திருக்கிறது. இடையில் உள்ள பட்டடைக்கோ எந்தத் தசையும் இல்லை.

இதுவரை எளிது. கண்ணாமூச்சி காட்டுவது அங்கவடி. உடலின் மிகச் சிறிய எலும்பு. உயரம் சுமார் 3 மில்லிமீட்டர். அதன் இரு கால்களும் அரை மில்லிமீட்டரைவிட மெல்லியவை. ஸ்கேனோ தலையைச் சுமார் 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் நுண்ணிய கட்டங்களாக்கி, ஒரு கட்டத்துக்கு ஒரே நிறம்தான் தருகிறது. கட்டத்துக்குள் கொஞ்சம் எலும்பும் மிச்சம் காற்றும் இருந்தால் சராசரி போட்டு மங்கிய சாம்பல் நிறம் பூசிவிடும். நல்ல எலும்பே காணாமல் போனதுபோல் தோன்றும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் படத்தை அங்கவடியின் சாய்வுக்கு ஏற்பத் திருப்பி, இரு கால்களும் ஒரே துண்டில் விழும்படி பார்க்கிறார்கள். கூடவே மறு காதோடும் ஒப்பிடுகிறார்கள்.

எலும்பு வெள்ளை, காற்று கறுப்பு என்பதால்தான் சிடி இங்கே கைகொடுக்கிறது. சீழ் நிறைந்துவிட்டால் அந்த வசதி போய்விடும். சாம்பல் நிறமாகத் தெரிவது வெறும் சீழா, எலும்பை அரிக்கும் கொலஸ்டீடோமா கட்டியா என்று சிடியால் உறுதியாகச் சொல்ல முடியாது. பட்டடையின் நீண்ட கால் கரைந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். ரத்த ஓட்டம் குறைவான அந்த இடம்தான் பெரும்பாலும் முதலில் அரிபடும். எம்ஆர்ஐயில் எலும்பும் காற்றும் சேர்ந்தே கறுத்துவிடுவதால் இந்த எலும்புகளைத் தேட அது உதவாது. ஆனால் நீர் மூலக்கூறுகளின் நகர்வை அளக்கும் அதன் ஒரு முறையில், கெராட்டின் என்ற தோல் புரதம் அடைந்த அந்தக் கொலஸ்டீடோமா கட்டி பளிச்சென்று ஒளிரும்.

எனக்கு மிகவும் பிடித்த புதிர் ஓட்டோஸ்கிளிரோசிஸ் என்ற காது எலும்பு நோய். மூன்று எலும்புகளும் அதனதன் இடத்தில் இருக்கும், ஆனால் காது கேட்காது. அங்கவடியின் அடித்தட்டு, உள்காதின் வாசலான நீள்வட்டச் சாளரத்தில் இறுகிப்போயிருக்கும். ஸ்கேனோ அசையாப் படம். அசைவு நின்றுபோனதை அது எப்படிக் காட்டும்? சாளரத்துக்குச் சற்று முன்னால், கெட்டியான எலும்பு பஞ்சுபோலாகி ஒரு கரும்புள்ளி தெரிந்தால் அதுவே தடயம். தொடக்கத்தில் அதுவும் தெரியாமல் போகலாம். அப்போது பக்கத்தில் இருக்கும் செவித்திறன் வரைபடம்தான் பேச வேண்டும்: காற்று வழியே வரும் ஒலி குறைவாகவும், மண்டையோட்டில் அதிர்வி வைத்துச் செலுத்திய ஒலி ஏறக்குறைய இயல்பாகவும் கேட்டால், தடை பெரும்பாலும் நடுக்காதில்தான்.