பஸ் இன்ஜினை அடக்குற இயர்பட்ஸ் தறிச்சத்தத்துகிட்ட ஏன் தோக்குது?

எங்க வீடு சேலம் அம்மாப்பேட்டையில, ரெண்டு பக்கமும் தறிப்பட்டறை. காலையில ஓட ஆரம்பிச்சா ராத்திரி வரைக்கும் டக்கு டக்கு டக்குன்னு அடிச்சுகிட்டே இருக்கும், கரண்ட் போனாதான் தெரு அமைதியாகும், அப்ப தொட்டில்ல தூங்குற குழந்தை கூட என்னமோ ஆயிருச்சுன்னு முழிச்சுக்கும். வீட்டுல இருந்தே வேலைன்னு ஆனப்புறம் இந்த சத்தத்துக்கு ஒரு வழி பண்ணணும்னு இயர்பட்ஸ் வாங்கினேன், ஒண்ணு இல்ல ரெண்டு தடவை வாங்கினேன், முதல் தடவை ஏமாந்தேன்.

முதல்ல வாங்கினது 899 ரூபா. டப்பா மேல பெரிய எழுத்துல இஎன்சின்னு போட்டிருந்துச்சு, கடையில கேட்டா "நாய்ஸ் கேன்சலேஷன் இருக்குதுங்கண்ணா, தைரியமா எடுங்க"ன்னுட்டாங்க. வீட்டுக்கு வந்து காதுல மாட்டினா தறி அப்படியே முழுசா கேக்குது. ஆனா மீட்டிங்ல எதிர்ல இருக்குறவங்க "இன்னிக்கு உங்க பக்கம் சத்தம் கம்மியா இருக்கே"ங்குறாங்க. அப்புறம்தான் புரிஞ்சுது, இஎன்சிங்குறது நம்ம காதுக்கு இல்லவே இல்ல, அது மைக்குக்கு. நாம பேசும்போது சுத்தி இருக்குற சத்தத்தை வடிகட்டி எதிராளிக்கு அனுப்பும், அவ்வளவுதான். நம்ம காதுக்குள்ள வர்ற சத்தத்தை அடக்குறது ஏஎன்சி, ஆக்டிவ் நாய்ஸ் கேன்சலேஷன். ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம், ஆனா ரெண்டும் வேற வேற வேலை. ஆயிரம் ரூபாய்க்குள்ள விக்கிறதுல நாய்ஸ் கேன்சலேஷன்னு போட்டிருந்தா அது பெரும்பாலும் இந்த இஎன்சிதான், அதனால டப்பாவுல ஏஎன்சின்னு இருக்கா, பக்கத்துல ஒரு டெசிபல் நம்பர் இருக்கான்னு பாருங்க.

ரெண்டாவதா 2,300 ரூபாய்க்கு நிஜமாவே ஏஎன்சி இருக்குறதா பாத்து வாங்கினேன். ஆன் பண்ணேன், ஃபேன் சத்தம் காணோம், தெருவுல நிக்கிற லாரியோட உறுமல் காணோம், ஆனா தறியோட டக்கு டக்கு மட்டும் முன்னை விட தெளிவா கேக்குது! சரி இதுவும் போச்சுன்னு நினைச்சேன். அடுத்த ஞாயித்துக்கிழமை ஏற்காடு போற பஸ்ல இன்ஜினுக்கு பக்கத்து சீட்டு கிடைச்சுது, அடிவாரம் தாண்டி வண்டி ஏற ஆரம்பிச்சதும் வழக்கமா மண்டைக்குள்ள இரையுற சத்தம் சுத்தமா அடங்கிருச்சு. அதே பட்ஸ், அதே காது. பஸ்ஸை அடக்குனது தறியை ஏன் அடக்கலைன்னு தேட ஆரம்பிச்சதுலதான் இதெல்லாம் தெரிஞ்சுகிட்டேன்.

ஆடிப் பதினெட்டுக்கு மரத்துல தூரி கட்டி ஆடுவோம்ல, அதை நினைச்சுக்கோங்க. தூரி முன்னால வரும்போது நீங்க எதிர்ப்பக்கம் நின்னு அதே வேகத்துல பின்னால தள்ளினா அது நின்னுரும். சரியான நேரத்துல தள்ளணும், சரியான பலத்துல தள்ளணும். கொஞ்சம் லேட்டா, அது திரும்பி போகும்போது தள்ளிட்டீங்கன்னா நிக்காது, இன்னும் வேகமா ஆடும். சத்தமும் இப்படித்தான், காத்து ஒரு நேரம் நெருக்கமாகுது, அடுத்த நேரம் தளருது, இது மாறி மாறி காதுச்சவ்வை தள்ளி இழுக்குது. வெளிய இருந்து வர்ற சத்தம் நெருக்குற அதே நேரத்துல இயர்பட்ஸ்ல இருக்குற குட்டி ஸ்பீக்கர் அதே அளவு தளர்த்துச்சுன்னா ரெண்டும் சேந்து சைபர். காதுச்சவ்வுக்கு ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும்.

இந்த யோசனை புதுசு கிடையாது. பால் லூக்னு ஒரு ஜெர்மன்காரர் 1933லயே இதுக்கு காப்புரிமை கேட்டு விண்ணப்பிச்சாரு, 1936ல அமெரிக்காவுல காப்புரிமை கிடைச்சுது, ஆனா அன்னிக்கு இருந்த வால்வு ரேடியோ காலத்து சாமான்களை வெச்சு காதுக்குள்ள இதை செய்ய வழி இல்ல. அப்புறம் 1978ல போஸ் ஸ்பீக்கர் கம்பெனியை ஆரம்பிச்ச அமர் போஸ், அவங்க அப்பா வங்காளத்துல இருந்து அமெரிக்கா போனவர், சூரிச்ல இருந்து பாஸ்டனுக்கு விமானத்துல போகும்போது அங்க குடுத்த ஹெட்போன்ல இன்ஜின் இரைச்சலை தாண்டி பாட்டே கேக்கலைன்னு கடுப்பாகி, அந்த பயணத்துலயே உக்காந்து கணக்கு போட ஆரம்பிச்சாரு. பைலட்டுகளுக்கான ஹெட்செட்டா அது விற்பனைக்கு வரவே 1989 ஆச்சு. 2019ல ஆப்பிளோட ஏஎன்சி இயர்பட்ஸ் ஏர்பாட்ஸ் ப்ரோ வந்தப்ப இந்தியாவுல விலை 24,900 ரூபா, இன்னிக்கு அதுல பத்துல ஒரு பங்கு காசுக்கு அதே தத்துவத்துல ஓடுற சாமான் கிடைக்குது.

இப்ப தறி விஷயத்துக்கு வர்றேன், இங்கதான் எல்லாமே இருக்கு. பட்ஸோட வெளிப்பக்கம் ஒரு மைக் இருக்கும், அது வர்ற சத்தத்தை முதல்ல பிடிக்கும், சிப் அதுக்கு எதிர்ச்சத்தம் தயார் பண்ணும், ஸ்பீக்கர் அதை வெளியிடும். வெளி மைக்ல இருந்து காதுச்சவ்வு ஒரு மூணு சென்டிமீட்டர்னு வெச்சுக்கோங்க. நம்ம ஊர் வெயில்ல சத்தம் செகண்டுக்கு சுமார் 350 மீட்டர் ஓடும், அந்த மூணு சென்டிமீட்டரை கடக்க அதுக்கு ஒரு மில்லி செகண்டுல பத்துல ஒரு பங்கு கூட வேண்டாம். அதுக்குள்ள மொத்த வேலையும் முடியணும். (இதனாலதான் இந்த வேலையில போனுக்கு பங்கே இல்ல, புளூடூத்ல ஒரு பாட்டு வந்து சேரவே பொதுவா நூறு மில்லி செகண்டுக்கு மேல ஆகும். ஏஎன்சி முழுக்க பட்ஸுக்குள்ளயே நடக்குது, பாட்டு போடாம சும்மா மாட்டிகிட்டா கூட வேலை செய்யும்.)

சரி, மொத்தத்துல ஒரு மில்லி செகண்டுல ஆறுல ஒரு பங்கு லேட் ஆயிருச்சுன்னு ஒரு கணக்குக்கு வெச்சுக்கலாம். 100 ஹெர்ட்ஸ் சத்தம், அதாவது செகண்டுக்கு நூறு தடவை ஆடுறது, ஒரு ஆட்டத்துக்கு பத்து மில்லி செகண்ட் எடுத்துக்கும், அதுல இந்த லேட் ஒண்ணுமே இல்ல, சத்தத்தோட அழுத்தம் பத்துல ஒரு பங்கா குறைஞ்சிரும், டெசிபல்ல சொன்னா 20 குறையும். அதே லேட்டை 1000 ஹெர்ட்ஸ்ல போட்டுப் பாருங்க, ஒரு ஆட்டமே ஒரு மில்லி செகண்ட்தான், கணக்கு பண்ணா மிஞ்சுற சத்தம் முதல்ல இருந்த அளவுக்கே வந்து நிக்குது, பைசா பிரயோஜனம் இல்ல. 3000 ஹெர்ட்ஸ்ல நீங்க தள்ளுறது சரியா தப்பான நேரத்துல விழுந்து சத்தம் ரெண்டு மடங்காயிரும்! அதனால கம்பெனிக்காரங்க மேல் சுருதி சத்தத்தை, அதாவது வேகமா ஆடுற கீச்சு சத்தத்தை, சிப் தொடாத மாதிரி ஃபில்டர் போட்டு ஒதுக்கி விட்டுருவாங்க. பெரிய தூரியை நிறுத்தலாம், வீணைத் தந்தி அதிர்றதை கையால எதிர்த்து தள்ளி நிறுத்த முடியுமா?

பஸ்ஸுக்கு கணக்கு ரொம்ப சாதகம். ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின் 1500 ஆர்பிஎம்ல ஓடுனா செகண்டுக்கு 75 தடவை எரியும், அதனால இரைச்சலோட அடி 75 ஹெர்ட்ஸ்ல, அதோட மடங்குகள்ல உக்காந்திருக்கும், எல்லாம் ஏஎன்சிக்கு அல்வா மாதிரி. தறி அப்படி இல்ல. நாடா, அதாவது குறுக்கு நூலை இழுத்துகிட்டு ஓடுற கட்டை, ஒரு பக்கத்துல இருந்து பறந்து போய் மறுபக்கம் பொட்டியில இடிக்குது, கட்டையும் இரும்பும் மோதுற சத்தம், ஒவ்வொரு இடியிலயும் அடிச்சுருதியில (மெதுவா ஆடுற கனத்த சத்தம்) இருந்து பல ஆயிரம் ஹெர்ட்ஸ் வரைக்கும் எல்லாம் ஒரே நேரத்துல வெடிச்சு கிளம்பும். ஏஎன்சி அதுல அடிப்பகுதியை மட்டும் வெட்டும், மேல்பகுதி அப்படியே உள்ள வரும். அதுலயும் ஒரு கொடுமை, இவ்வளவு நாள் மோட்டாரோட இரைச்சல் ஒரு போர்வை மாதிரி டக்கு டக்கை கொஞ்சம் மூடி வெச்சிருந்துச்சு, ஏஎன்சி அந்த போர்வையை உருவி விட்டுருச்சு, அதான் முன்னை விட தெளிவா கேட்டுது. பஸ்ல ஏஎன்சி போட்டா பின் சீட்டுல பேசுற குடும்பக்கதை எல்லாம் பளிச்சுன்னு கேக்குமே, அதுவும் இதனாலதான்.

அப்ப மேல் சுருதியை யார் தடுக்குறது? அந்த ரப்பர் மூடிதான், சிலிக்கான் டிப். டப்பாவுக்குள்ள மூணு சைஸ் குடுத்திருப்பாங்க, நம்ம ஆளுங்க முக்கால்வாசி பேர் ஏற்கனவே மாட்டியிருக்குறதை தொடவே மாட்டாங்க, நானும்தான். ஏஎன்சி எவ்வளவு நல்லதா இருந்தாலும் டிப் ஓரத்துல ஒரு முடி அளவு சந்து இருந்தா போச்சு, வெளிச்சத்தம் சந்து வழியா உள்ள வரும், ஸ்பீக்கர் போடுற எதிர்ச்சத்தத்தோட அடிச்சுருதி அதே சந்து வழியா வெளிய ஓடிரும், ரெண்டு பக்கமும் நஷ்டம். சோதிக்க சுலபமான வழி ஒண்ணு, பம்பையோ தவிலோ நல்லா அடிக்குற பாட்டு ஒண்ணை போட்டுட்டு பட்ஸை விரலால லேசா உள்ள அமுக்குங்க, அமுக்கும்போது அடி சத்தம் கூடுச்சுன்னா உங்க டிப் சின்னதுன்னு அர்த்தம். ரெண்டு காதுக்கும் ஒரே சைஸ்தான் வேணும்னும் இல்ல. எனக்கு இடது காதுக்கு பெருசு, வலதுக்கு நடுவு. மாத்தி மாட்டின அன்னிக்கு தறி பாதிக்கு பாதி அடங்குச்சு, அதாவது 2,300 ரூபா சிப் செய்யாததை டப்பாவுல சும்மா கிடந்த ரப்பர் செஞ்சுது. பாதி காதுல மட்டும் தொங்குற, டிப்பே இல்லாத டிசைன்ல ஏஎன்சின்னு விக்கிறதுக்கு காசு போடாதீங்கன்னுதான் நான் சொல்லுவேன், சந்தை அடைக்காம சத்தத்தை அடக்குறது ஜன்னலை திறந்து வெச்சுட்டு ஏசி போடுற கதை.

ஆனா காதை இறுக்கி அடைச்சா வேற ஒரு கூத்து நடக்கும். அன்னிக்கு பட்ஸ் மாட்டிகிட்டே தட்டுவடை செட் சாப்பிட்டேன், மண்டைக்குள்ள கல்லு உடைக்குற மாதிரி இருந்துச்சு. நாம கடிக்குற சத்தம் எலும்பு வழியா காதுத் துவாரத்துக்குள்ள வந்து, வழக்கமா வெளிய போயிரும், வாசலை அடைச்சதால உள்ளயே மாட்டிக்குது, அதான் விஷயம்.

டெசிபல் நம்பரை பத்தி கொஞ்சம். ஒரு டப்பாவுல 32 டெசிபல்னு போட்டிருக்கும், இன்னொண்ணுல 50னு போட்டிருக்கும். அந்த நம்பர் பொதுவா ஏதோ ஒரு அடிச்சுருதியில லேப்ல கிடைச்ச உச்சம், எல்லா சத்தத்தையும் அவ்வளவு குறைக்கும்னு அர்த்தம் இல்ல, ஒரு மேட்ச்ல அடிச்ச சிக்ஸர் தூரத்தை வெச்சு பேட்ஸ்மேனோட சராசரியை சொல்ல முடியாதுல்ல. நம்பரை விட ஹைப்ரிட்னு ஒரு வார்த்தை இருக்கான்னு பாருங்க, அப்படின்னா வெளிய ஒரு மைக், காதுக்குள்ள பாத்த மாதிரி இன்னொரு மைக். உள் மைக் என்ன பண்ணும்னா அடக்குனதுக்கு அப்புறம் மிச்சம் என்ன கேக்குதுன்னு பாத்து தப்பை திருத்தும், டிப் கொஞ்சம் நகர்ந்தாலும் சமாளிக்கும். இப்ப 2,000ல இருந்து 3,500க்குள்ள ஹைப்ரிட்டே கிடைக்குது. டப்பாவுல போடுற "மொத்தம் 40 மணி நேரம்" பேட்டரி கணக்கு கேஸையும் சேத்து, ஏஎன்சி ஆஃப்ல வெச்சு சொல்றது, அதை பெருசா எடுத்துக்காதீங்க. டூவீலர்ல போட்டுக்கலாம்னு வாங்குறவங்களுக்கு ரெண்டு சேதி, காத்து நேரா மைக்ல மோதி உண்டாக்குற புர்ர்ர் சத்தத்தை ஏஎன்சி சத்தம்னு தப்பா புரிஞ்சுகிட்டு இன்னும் சத்தம் போடும், ரெண்டாவது, கொண்டலாம்பட்டி பைபாஸ்ல பின்னால வர்ற லாரி ஹாரன் உங்களுக்கு கேட்டே ஆகணும்.

ஏஎன்சி போட்டதும் காது அடைக்குதுன்னு சில பேர் கழட்டி வெச்சுருவாங்க. ஏற்காடு மலைப்பாதையில இதை ஜோரா ஒப்பிட்டு பாக்கலாம். சேலம் கடல் மட்டத்துல இருந்து முன்னூறு மீட்டருக்கும் கீழ, ஏற்காடு 1,500 மீட்டர் பக்கம், இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுறதுக்குள்ள காத்தழுத்தம் பத்து சதவீதத்துக்கு மேலயே குறையுது. காதுச்சவ்வுக்கு உள்பக்கம் அடிவாரத்து அழுத்தம் மாட்டிகிட்டு வெளிய தள்ளும், எச்சில் முழுங்கினா டப்புன்னு சரியாகும். ஏஎன்சி அடைப்பு அப்படி இல்ல, அங்க அழுத்தம் எதுவும் மாறல, அடிச்சுருதி திடீர்னு காணாம போனதை மூளை அழுத்தமாறுதல்னு நினைச்சுக்குது. பன்னிரண்டாவது வளைவு பக்கம் எனக்கு ரெண்டும் சேந்து வந்துச்சு, எச்சில் முழுங்கினதும் ஒண்ணு போச்சு, பட்ஸை கழட்டினதும் இன்னொண்ணு போச்சு.

சத்தத்தை அடக்குறதுல உண்மையான லாபம் வால்யூம்லதான் இருக்கு. உலக சுகாதார அமைப்பு பெரியவங்களுக்கு 80 டெசிபல்ல வாரத்துக்கு 40 மணி நேரம்னு ஒரு அளவு சொல்லுது, 3 டெசிபல் கூடினா நேரம் பாதியாயிரும், 83ல 20 மணி, 86ல பத்து. பஸ் சத்தத்தை ஜெயிக்க நாம வால்யூமை ஏத்திகிட்டே போவோம், ஏஎன்சி இருந்தா ஏத்த வேண்டிய அவசியமே வராது.

எங்க பெரியப்பா முப்பது வருஷமா தறி ஓட்டுறாரு, டிவியை வெச்சா நாலு வீட்டுக்கு கேக்கும். என் பட்ஸை பாத்துட்டு "எனக்கும் ஒண்ணு வாங்கி குடேன்டா, பட்டறையில மாட்டிக்குறேன்"ன்னாரு. வேண்டாம் பெரியப்பான்னேன். பட்டறைக்குள்ள சத்தம் 90 டெசிபலை தாண்டும், இயர்பட்ஸ் காதுக்கு பாதுகாப்புன்னு சோதிச்சு சான்று குடுத்த சாமான் இல்ல, டக்கு டக்கோட மேல்பகுதியை ஏஎன்சி தொடவும் தொடாதுன்னு இப்பதான் பாத்தோம். மருந்துக்கடையில ஸ்பாஞ்சு மாதிரி ஒரு காதடைப்பான் விக்கும், உருட்டி உள்ள விட்டா விரிஞ்சு சந்து இல்லாம அடைக்கும், பேட்டரி கிடையாது, சில பத்து ரூபா. வாங்கி குடுத்தேன். "நூல் அறுந்தா தறி சத்தம் மாறும்டா, அது காதுல விழலைன்னா துணி போச்சு"ன்னு முதல் நாள் கழட்டி சட்டைப்பையில போட்டுட்டாரு. ரெண்டு வாரம் கழிச்சு பாத்தா மாட்டியிருக்காரு. கேட்டேன், "எல்லாமே தள்ளி நின்னு ஓடுற மாதிரி இருக்கு, ஆனா நூல் அறுந்தா தெரியுதுடா"ன்னாரு.