டாக்டர் எழுதிக்கொடுத்ததுதானே?

சென்ற வாரம் பத்தொன்பது வயது சைக்கிள் பந்தய வீரர் ஒருவர் தாயாருடன் என்னைப் பார்க்க வந்தார். மேசையில் மூன்றை எடுத்து வைத்தார்கள்: ஊக்கமருந்து சோதனையில் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்ததாகச் சொல்லும் கடிதம், பாதி தீர்ந்த இருமல் மருந்து பாட்டில், அதை எழுதிக்கொடுத்த மருத்துவரின் சீட்டு. தாயார் அந்தச் சீட்டைத்தான் முதலில் என் பக்கம் நகர்த்தினார். "டாக்டர் எழுதிக்கொடுத்ததுதானே மேடம்? இது எப்படித் தப்பாகும்?"

பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். எதிர்பார்த்ததே இருந்தது: டெர்பியூட்டலின். சளியோடு கூடிய இருமலுக்கு நம் ஊரில் அன்றாடம் எழுதப்படும் சிரப்புகள் பலவற்றில் இருக்கும் பொருள் அது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் பட்டியலில், போட்டி நாளில் மட்டுமல்ல, எந்த நாளிலும் தடைசெய்யப்பட்டது. இதே பொருளோடு இந்த ஆண்டில் என்னிடம் வரும் மூன்றாவது பிள்ளை இவர். மூவரும் கிட்டத்தட்ட ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். அந்த வாக்கியத்தைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

சைமன் யேட்ஸ் என்ற பெயரைச் சைக்கிள் பந்தயம் பார்ப்பவர்கள் அறிவார்கள். 2018இல் ஸ்பெயினின் வுவெல்டா, 2025இல் இத்தாலியின் ஜீரோ என்ற பெரும் பந்தயங்கள் இரண்டையும் வென்றவர். 2016 மார்ச்சில், பாரிஸ்–நீஸ் பந்தயத்தின்போது எடுத்த அவருடைய சிறுநீர் மாதிரியிலும் இதே டெர்பியூட்டலின்தான் இருந்தது. அவருக்கு ஆஸ்துமா உண்டு, அதற்கான மருத்துவப் பதிவுகளும் உண்டு. மருந்தைக் கொடுத்தவர் அவருடைய அணியின் மருத்துவரே. சோதனைப் படிவத்தில் அந்த மருந்தின் பெயரையும் எழுதியிருந்தார்கள். எதையும் ஒளிக்கவில்லை. மருத்துவர் செய்யத் தவறியது ஒன்றே ஒன்று: சிகிச்சைப் பயன்பாட்டு விலக்குக்கு, அதாவது நோய்க்காகத் தடைசெய்யப்பட்ட மருந்தை எடுக்கும் அனுமதிக்கு, முன்கூட்டியே விண்ணப்பிக்கவில்லை. ஏமாற்றும் நோக்கம் இல்லை என்பதைச் சர்வதேச சைக்கிள் சங்கமே ஏற்றுக்கொண்டது. அப்படியும் நான்கு மாதத் தடை. பிரான்சின் பெரும் பந்தயமான டூர் டி பிரான்ஸ் அந்த ஆண்டு அவருக்கு இல்லை.

உலகின் முதல்தர அணி ஒன்றில், சம்பளம் வாங்கும் முழுநேர மருத்துவரின் கையெழுத்தே காப்பாற்றவில்லை. தெருமுனைக் கிளினிக்கின் சீட்டு காப்பாற்றும் என்று எப்படி நம்புகிறீர்கள்?

"மருத்துவர் கொடுத்தது" என்ற விளக்கத்தை விசாரணைக் குழுக்கள் ஏன் இவ்வளவு குளிராகக் கேட்கின்றன என்பதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்ல ஒரு மருத்துவராக எனக்கு வெட்கமாக இருக்கிறது. சைக்கிள் பந்தயத்தில் ஊக்கமருந்தைக் கொண்டுவந்து சேர்த்தவர்களில் எங்கள் தொழில்காரர்கள் முன்வரிசையில் நின்றார்கள். 2006இல் ஸ்பெயின் காவல்துறை மாட்ரிட்டில் சோதனையிட்டபோது, வீரர்களுக்குத் திரும்ப ஏற்றுவதற்காக உறைநிலையில் வைத்திருந்த இரத்தப் பைகள் சிக்கின. அவை எயுஃபெமியானோ ஃபுவென்டெஸ் என்ற மருத்துவருடையவை. அமெரிக்கச் சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் ஆலோசகராக இருந்த மிக்கேலே ஃபெராரியும் மருத்துவரே. 2012இல் அவருக்கு வாழ்நாள் தடை விதித்தார்கள். அதே ஆம்ஸ்ட்ராங்குக்கு 1999 டூரில் கார்ட்டிகோஸ்டீராய்டு என்ற ஸ்டீராய்டு மருந்து சோதனையில் தெரியவந்தபோது, சைக்கிள் இருக்கை உரசி வந்த புண்ணுக்குப் பூசிய களிம்பு என்று ஒரு மருந்துச்சீட்டு வந்தது. விஷயம் அத்தோடு முடிந்தது. அந்தச் சீட்டு தேதியை முன்னதாகப் போட்டு எழுதப்பட்டது என்று 2013இல் அவரே ஒப்புக்கொண்டார். நடுவிலிருந்த ஆண்டுகளில் ஏழு டூர் பட்டங்கள் அவர் பெயரில் ஏறி, பிறகு பறிபோயின.

உங்கள் மகன் உண்மையான சீட்டை நீட்டும்போது, எதிரில் இருப்பவருக்கு அந்தப் பழைய சீட்டும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது. இது அநியாயமாகத் தோன்றலாம். ஆனால் விதி தெளிவானது: நோயை நிரூபிக்கும் ஆதாரங்களோடு, மருந்தை எடுப்பதற்கு முன்பே, தனிக்குழுவிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். பிறகு கொண்டுவரும் சீட்டு அந்த அனுமதிக்கு ஈடாகாது. தண்டனையைக் குறைக்கக் கேட்கும்போது ஓர் ஆதாரமாக உதவலாம். அவ்வளவுதான்.

இன்ஹேலர் பற்றியும் சொல்லிவிடுகிறேன், தினமும் கேட்கிறார்கள். ஆஸ்துமா மருந்தான சால்பியூட்டமாலை இன்ஹேலரில் உள்ளிழுப்பதற்கு அனுமதி உண்டு, வரம்போடு: 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராம், எந்த 8 மணி நேரத்திலும் 600க்கு மேல் போகக்கூடாது. நம் ஊர் இன்ஹேலரில் ஒரு முறை அழுத்தினால் வழக்கமாக 100 மைக்ரோகிராம். ஆக 8 மணி நேரத்தில் 6 முறை. நெபுலைசரில் ஊற்றும் ஒரு சிறு குப்பியிலோ பொதுவாக 2.5 மில்லிகிராம், அதாவது இன்ஹேலரை 25 முறை அழுத்திய அளவு. ஒரே இருக்கையில் நாள் வரம்பு தாண்டிவிடும். சால்பியூட்டமாலே மாத்திரையாகவோ சிரப்பாகவோ வந்தால், அளவு எதுவானாலும் தடைதான்.

"அனுமதி உள்ள மருந்துதானே" என்பவர்களுக்கு: 2007 ஜீரோவில் ஐந்து கட்டங்களை வென்ற அலெசாந்த்ரோ பெட்டாக்கியின் சிறுநீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 1,352 நானோகிராம் சால்பியூட்டமால் இருந்தது. வரம்பு 1,000. அவரிடம் ஆஸ்துமாவுக்கான அனுமதிக் கடிதமே இருந்தது. இருந்தும் தடை வந்தது, அந்த ஐந்து வெற்றிகளும் போயின. 2014இல் தியேகோ உலிஸிக்கு 1,900, ஒன்பது மாதத் தடை. 2017 வுவெல்டாவில் கிறிஸ் ஃப்ரூமுக்கு 2,000. சிறுநீரின் அடர்த்தியைக் கணக்கில் எடுத்துத் திருத்திய பிறகு 1,429. பல மாத விசாரணைக்குப் பின் 2018 ஜூலையில் அவர்மீது நடவடிக்கை இல்லை என்று முடித்தார்கள். உடலில் நீர் வற்றிய வீரரின் சிறுநீரில் அளவு கூடுதலாகத் தெரியும். இது மருத்துவருக்குத் தெரியும், சாலையோரம் நின்று அவரைத் திட்டியவர்களுக்குத் தெரியாது. சோதனையில் ஒரு பெயர் வந்தவுடன் அந்த மனிதரை ஏமாற்றுக்காரர் என்று முடிவு கட்டாதீர்கள். இந்தப் பிள்ளையின் தெருவில் ஏற்கெனவே முடிவு கட்டிவிட்டார்கள்.

"துளிதானே இருந்தது" என்பதும் எடுபடாது. 2010 டூரில் ஆல்பர்ட்டோ கொன்டடோரின் மாதிரியில் க்ளென்பியூட்டரால் என்ற தடைசெய்யப்பட்ட மருந்து மில்லிலிட்டருக்கு 50 பிகோகிராம். ஆய்வகங்கள் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்று முகமை வகுத்திருந்த அளவில் நாற்பதில் ஒரு பங்கு. மாட்டிறைச்சியிலிருந்து வந்தது என்றார். அதைவிடக் கலப்படமான ஊட்டச்சத்துப் பொருளிலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று விளையாட்டு நடுவர் நீதிமன்றம் கருதியது. ஆனாலும் 2012 பிப்ரவரியில் இரண்டாண்டுத் தடை. 2010 டூரும் 2011 ஜீரோவும் பறிக்கப்பட்டன. க்ளென்பியூட்டராலுக்கு வரம்பு கிடையாது. உடம்பில் இருப்பதற்கு அந்த உடம்புக்காரரே பொறுப்பு. டப்பாவில் வரும் பவுடர்களைப் பயிற்சியாளர் கையிலிருந்து வாங்கிக் குடிப்பவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படியுங்கள்.

இனிச் செய்ய வேண்டியவை. எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் வாக்கியமாக "நான் போட்டிகளில் கலந்துகொள்கிறேன், என்னைச் சோதிப்பார்கள்" என்று சொல்லுங்கள். மருந்தின் விற்பனைப் பெயரைப் பார்க்காதீர்கள், கீழே சின்ன எழுத்தில் உள்ள சேர்மானத்தைப் படியுங்கள். பெயர் மாறும், உள்ளே இருப்பது மாறாது. நம் நாட்டு ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடா, மருந்தைத் தேடிப் பார்க்கச் செயலி வைத்திருக்கிறது; சேர்மானப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். உடல்வலிக்குப் பாராசிட்டமாலோடு டிரமடால் என்ற வலிநிவாரணி கலந்த மாத்திரையை எடுக்காதீர்கள். 2022 டூரில் ஆறாவதாக வந்த நைரோ கின்டானாவின் இடம் டிரமடாலால்தான் ரத்தானது. 2024 முதல் எல்லா விளையாட்டுகளிலும் போட்டியின்போது அதற்குத் தடை. காய்ச்சலுக்கென்று போடும் ஊசியில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஆஸ்துமா இருந்தால் நுரையீரல் பரிசோதனை முடிவுகளைப் பத்திரமாக வைத்திருங்கள், விலக்கு தேவைப்பட்டால் போட்டிக்குக் குறைந்தது 30 நாள் முன்பே விண்ணப்பியுங்கள். பாட்டிலைத் தூக்கி எறியாதீர்கள். அந்தத் தாயார் அதைப் பாதுகாத்து வைத்திருந்ததால் மருந்தின் தொகுதி எண் வரை என்னால் எழுதி அனுப்ப முடிந்தது.

என் சக மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் முன் மெலிந்த, வெயிலில் கறுத்த, கால் மயிரை மழித்த இளைஞர் உட்கார்ந்தால், "சைக்கிள் ஓட்டுகிறாயா தம்பி?" என்று கேளுங்கள். டெர்பியூட்டலின் இல்லாத இருமல் மருந்துகள் எத்தனையோ இருக்கின்றன.

ஒன்றை மட்டும் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். போன மாதம் ஒரு பெண் வீராங்கனை, மூச்சு வாங்க முடியாத நிலையிலும் சோதனைக்குப் பயந்து நெபுலைசரை வேண்டாம் என்றிருக்கிறார். அப்படிச் செய்யாதீர்கள். மூச்சுத் திணறினால் மருத்துவமனைக்குப் போங்கள், கொடுப்பதை வாங்கிக்கொள்ளுங்கள். அவசர சிகிச்சைக்குப் பிறகு விலக்குக் கேட்க விதியில் இடம் இருக்கிறது. மருத்துவமனைப் பதிவுகளை வாங்கிக்கொண்டு அன்றே, இல்லையென்றால் மறுநாளே, விளையாட்டு மருத்துவர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள். விண்ணப்பத்தை உடனிருந்து எழுதித் தருவோம்.