நம்பகமின்மையும் ‘தேறாது’ என்ற சொல்லும்

எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டார் பத்து நாள் ஒழுங்காக ஓடும். பதினோராம் நாள் காலையில், எல்லாரும் குளிக்கக் காத்திருக்கும்போது, ஒரு உறுமல் உறுமிவிட்டு நின்றுவிடும். மேலே ஒரு தட்டு தட்டினால் மறுபடியும் ஓடும். முழுக்கக் கெட்டுப்போயிருந்தால் வேறு வாங்கியிருப்போம். நாளைக்கு ஓடுமா என்று யாராலும் சொல்ல முடியாத இந்த நிலைதான் ‘அன்ரிலையபிலிட்டி’. தமிழில் நம்பகமின்மை.

இதைப் பலர் ‘நம்பிக்கையின்மை’ என்று எழுதுகிறார்கள். பொருளே மாறிப்போகிறது. நம்பிக்கை, நம்புகிறவர் மனத்தில் இருப்பது. நம்பகம், நம்பப்படும் ஆளிடமோ பொருளிடமோ இருக்க வேண்டியது. அரசின்மேல் உறுப்பினர்களுக்கு நம்பிக்கை போய்விட்டால் கொண்டுவருவது நம்பிக்கையில்லாத் தீர்மானம். அந்தச் சொல் அங்கே சரி. என் மோட்டாரிடம் இல்லாதது நம்பகம். ‘நம்பகத்தன்மையின்மை’ என்று நீட்டவும் தேவையில்லை. நம்பகமின்மை, நம்பகமற்ற என்பவையே போதும்.

ஆட்களுக்கு வேறு சொற்கள் இருக்கின்றன. கொடுக்கல் வாங்கலில் சரியில்லாதவர் நாணயமில்லாதவர்; காசுக்கும் நேர்மைக்கும் நமக்கு ஒரே சொல். சொன்ன நாளில் துணி தராத தையற்காரர் வாக்குத் தவறுகிறவர். இவர்களை நம்பிக் காரியத்தில் இறங்கினால், மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கிய கதைதான்.

சரி, ‘நம்பு’ எங்கிருந்து வந்தது? ‘நம்பும் மேவும் நசையா கும்மே’ என்கிறது தொல்காப்பியத்தின் உரியியல். நசை என்றால் விருப்பம். அதாவது, நம்பு என்பதற்கு அங்கே விரும்புதல் என்று பொருள்! எனக்கு இதைவிடப் பிடித்தவை தேறு, தெளி என்ற பழைய சொற்கள். உறுதிப்பட்ட பிறகு வரும் நம்பிக்கையை இவை சொல்கின்றன. ‘தேறற்க யாரையும் தேராது’ என்ற குறள், ஆராயாமல் யாரையும் நம்பாதே என்கிறது. தேறுவதிலிருந்து வந்தது தேற்றம், அதாவது உறுதி. ‘உண்டே கடவுள்’ என்பதில் வரும் ஏகாரத்தைத் தேற்றேகாரம் என்பது இலக்கணம். பள்ளியில் படித்த பித்தாகரஸ் தேற்றத்திலும் இதே சொல்தான் இருக்கிறது.

இன்றைக்குத் ‘தேறு’ என்றால் பரீட்சையில் ஜெயிப்பதும் காய்ச்சலிலிருந்து மீள்வதும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. ஆனால் போன வாரம் மெக்கானிக் வந்தார். மோட்டாரைப் பிரித்து, உள்ளே விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “இது தேறாதுங்க.”