நோரதிரனலின்: சொல்லும் பொருளும்

நோரதிரனலின் (பெயர்ச்சொல்). நோர்அட்ரினலின், நோரெபிநெப்ரின் என்றும் எழுதுவர்.

நரம்புக்கலம் ஒன்று அடுத்த கலத்துக்குச் செய்தி சொல்ல வெளிவிடும் இரசாயனப் பொருள்களுள் ஒன்று. நம் விருப்பத்தைக் கேளாமல் உள்ளுறுப்புகளை இயக்கும் பரிவு நரம்புகளின் முனையில் வெளிவந்து இதயத்தை முடுக்கும், குருதிக்குழாய்களை இறுக்கும். மூளைக்குள் விழிப்பையும் கவனத்தையும் ஏற்றி இறக்கும். சுரப்பியிலிருந்து குருதியில் கலக்கும்போது மட்டுமே அது ஓமோன். ஆகவே 'பய ஓமோன்' என்று பத்திரிகைகள் எழுதுவது பாதிகூடச் சரியில்லை. பயமே இல்லாமல் புத்தகம் படிக்கும்போதும் அது வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

சொல் வந்த வழி சுவையானது. இலத்தீனில் 'அட்' என்றால் அருகே, 'ரேனேஸ்' என்றால் சிறுநீரகங்கள். சிறுநீரகத்தின் உச்சியில் இருக்கும் சுரப்பிக்கு அதிலிருந்து பெயர் வந்தது. அந்தச் சுரப்பியிலிருந்து யோகிச்சி தகாமினே 1901 அளவில் தூய்மையாகப் பிரித்தெடுத்த பொருளுக்கு 'அதிரனலின்' என்று பெயர். அது வணிகப் பெயராகவும் பதிவானதால் அமெரிக்கர் 'எபி' (மேலே), 'நெப்ரோஸ்' (சிறுநீரகம்) என்ற கிரேக்கச் சொற்களால் ஆன எபிநெப்ரின் என்ற பெயரைக் கைக்கொண்டனர். பெயர் இரண்டு, பொருள் ஒன்று. இலங்கையில் பிரித்தானிய வழக்கைப் பின்பற்றி நோரதிரனலின் என்றே பெரும்பாலும் சொல்கிறோம்.

'நோர்' என்ற முன்னொட்டு 'நோர்மல்' என்பதன் சுருக்கம். ஒரு மூலக்கூறிலிருந்து மெதைல் கூட்டம் (ஒரு காபனும் மூன்று ஐதரசனும் சேர்ந்த பகுதி) ஒன்று குறைந்திருப்பதை இரசாயனவியலாளர் அப்படிக் காட்டுவர். அமித்திரிப்டிலின் குளிசையிலிருந்து ஒரு மெதைல் போனால் நோர்த்திரிப்டிலின். அதிரனலினின் நைதரசனில் இருக்கும் மெதைல் இல்லாவிட்டால் நோரதிரனலின். பெயரைப் பார்த்து, அதிரனலின் உடைந்துதான் இது உண்டாகிறது என்று மாணவர் எண்ணுவதுண்டு. உடலில் நடப்பது நேர்மாறு. உணவுப் புரதத்தில் கிடைக்கும் தைரோசின் முதலில் எல்-டோபாவாகிறது. முழுத் தொடரின் வேகத்தையும் தீர்மானிப்பது இந்தப் படிதான். எல்-டோபா டோபமினாகிறது. டோபமின் நரம்புமுனையின் சிறு பைகளுக்குள் புகுந்து, செம்பும் விற்றமின் சியும் வேண்டும் ஒரு நொதியத்தால் நோரதிரனலினாகிறது. இதற்கு மெதைல் சேர்ந்தால்தான் அதிரனலின். பிள்ளை தாய்க்குப் பெயர் கொடுத்த கதைதான்.

பரிவு நரம்புகள் வெளிவிடும் பொருள் இதுவே என்று சுவீடனின் உல்ப் வொன் ஒய்லர் 1946 இல் காட்டினார். 1954 இல் மார்த்தே வோக்ட் மூளையிலும் அது பரவியிருப்பதை அளந்து காட்டினார். வெளிவந்த நோரதிரனலினை நரம்புமுனையே திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது என்பதைக் கண்டவர் யூலியஸ் அக்செல்றொட். அவரும் ஒய்லரும் 1970 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். மனச்சோர்வுக்கான பல குளிசைகள் அடைப்பது இந்த உறிஞ்சும் வழியைத்தான்.

மூளையின் நோரதிரனலினில் பெரும்பங்கு ஓரிடத்திலிருந்து வருகிறது. மூளைத்தண்டில், வரோலியின் பாலத்தின் மேற்பகுதியில், இருபுறமும் ஏறத்தாழ 15 மி.மீ. நீளத்தில் ஒரு மெல்லிய கலத்திரள். இரண்டையும் சேர்த்தாலும் ஏறக்குறைய 50,000 கலங்களுக்கு மேல் இல்லை. மூளையின் மொத்த நரம்புக்கலங்களோ சுமார் 8,600 கோடி. ஆனாலும் மேற்பட்டை, மூளி (சிறுமூளை), முண்ணாண் (தண்டுவடம்) எங்கும் இதன் நார்கள் போகின்றன. நார் நெடுகவும் உள்ள புடைப்புகளிலிருந்து நோரதிரனலின் கசிகிறது. ஒரே கிணற்றுத் தண்ணீர் வாய்க்கால் வழியே வெங்காயத் தோட்டத்தின் பாத்தியெல்லாம் ஊறுவதுபோல.

நரம்புமெலனின் என்ற நிறப்பொருளால் இந்தக் கலத்திரள் நீலமாகத் தெரியும். 'லோக்கஸ் செருலியஸ்' என்ற இலத்தீன் பெயரின் பொருள் 'நீல இடம்'. அப்படியே தமிழாக்கினால் 'நீலவிடம்' என்றாகி, கேட்பவர் நீலகண்டர் உண்ட நஞ்சை நினைப்பார். 'நீலப்புள்ளி' என்றால் புள்ளியளவு என்று தோன்றும். நீண்டு கிடக்கும் திரளுக்கு 'நீலத்திட்டு' பொருந்தும் என்பது எங்கள் துணிபு.

இதன் தொழிற்பாட்டை அளவை வைத்துத்தான் விளங்கவேண்டும். விழித்திருக்கையில் நீலத்திட்டுக் கலங்கள் செக்கனுக்கு ஒன்று முதல் மூன்று தடவை துடிக்கும். ஆழ்ந்த உறக்கத்தில் குறையும், கனவுறக்கத்தில் ஓய்ந்துவிடும். நோரதிரனலின் அளவு நடுத்தரமாக இருந்தால் நெற்றிப்புற மேற்பட்டையிலுள்ள அல்பா-2 வாங்கிகளில் (செய்தியைப் பெறும் கலப் புரதங்களில்) ஒட்டும். மனதில் ஏந்திய தகவல் நிலைக்கும். மிகுந்தால் ஒட்டுதல் வலுக்குறைந்த அல்பா-1 வாங்கிகளையும் பிடிக்கும். அப்போது அந்தப் பகுதியே தளரும். உயர்தரப் பரீட்சை மண்டபத்தில் நன்றாகப் பாடமாக்கிய விடை வராமல் நின்று, வெளியே வந்ததும் வருவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். கவனக்குறைவுக்குக் கொடுக்கும் குவான்பசின் அல்பா-2 வாங்கியைத் தூண்டுகிறது. அற்றொமொக்செற்றின் திரும்ப உறிஞ்சுவதைத் தடுக்கிறது. குளோனிடின் குளிசையும் அல்பா-2 வகைதான். அதைத் திடீரென நிறுத்தினால் அடக்கிவைத்த நோரதிரனலின் கொட்டி, குருதியமுக்கம் எகிறும். படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும்.

நோய்களில் முதலில் சொல்லவேண்டியது அல்சைமர். டௌ புரதத்தின் தொடக்க மாற்றங்கள் நீலத்திட்டில் மிக இளவயதிலேயே, சிலரில் 30 வயதுக்கு முன்பே, காணப்பட்டுள்ளன. அதனால் அவர்கள் நோயாளிகள் என்றாகாது. நோய் அங்கே கால்வைக்கிறது என்பதே செய்தி. பாக்கின்சன் நோயிலும் நீலத்திட்டுக் கலங்கள் அழிகின்றன. போரைக் கண்ட ஊர்களில் கேள்விப்படும் கொடுங்கனவுகளுக்கு அல்பா-1 ஐ அடைக்கும் பிரசோசின் கொடுக்கப்பட்டது; 2018 இல் வெளியான பெரிய பரிசோதனையில் அது வெற்று மாத்திரையை விஞ்சவில்லை.

பாக்கின்சன் உள்ள முதியவர்கள் எழுந்ததும் தலைசுற்றி விழுவதை 'பலவீனம்' என்று விட்டுவிடக்கூடாது. இதயத்துக்கும் குழாய்களுக்கும் போகும் பரிவு நரம்புமுனைகளில் நோரதிரனலின் வற்றுவதே பெரும்பாலும் காரணம். ஐந்து நிமிடம் படுக்கவைத்து அமுக்கத்தை அளவுங்கள். எழுந்து நின்ற 1 ஆம், 3 ஆம் நிமிடங்களில் திரும்ப அளவுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 மி.மீ. இரசம் குறைந்தால் அது நிலைமாற்றக் குருதியமுக்கக் குறைவு. மேல் அளவு 20 குறைந்தும் நாடித்துடிப்பு 10 கூட ஏறாவிட்டால் கோளாறு நரம்பில் என்று ஐயுறலாம். நல்லூர்த் திருவிழா வெயிலில் குழாய்கள் மேலும் விரிவதால் இவர்கள் நெடுநேரம் நிற்பது ஆபத்து.

இனிச் சொல். 'அண்ணீரகச் சுரப்பி' என்று தமிழகத்தார் ஆக்கியது இலத்தீனுக்கு அச்சொட்டாக நேர். அண் என்றால் அருகு. அதிலிருந்து இந்தப் பொருளுக்கும் பெயர் கட்டலாம். ஆனால் மூளையில் உண்டாகும் பொருளைச் சிறுநீரகப் பெயரால் இன்னொரு தடவை கட்டிவைப்பதில் பயனில்லை. குருதியில் ஏற்றும் நோரதிரனலின் குருதி-மூளைத் தடுப்பைக் கடப்பதுமில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் அமுக்கத்தை உயர்த்த அதை ஏற்றுவது மூளைக்கு விழிப்பூட்ட அல்ல. மானிப்பாயில் 19 ஆம் நூற்றாண்டில் தமிழில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீனின் காலம் தொட்டு, உறுப்புக்கும் செயலுக்கும் தமிழ்ச்சொல் தேடும் பழக்கம் யாழ்ப்பாணத்துக்கு உண்டு. அந்த வழியில், மூலக்கூறின் பெயரை நோரதிரனலின் என்றே வைத்து, சூழவுள்ளவற்றைத் தமிழில் சொல்லலாம்: நோரதிரனலின் தொகுதி, நீலத்திட்டு, வாங்கி, மீளுறிஞ்சல், பரிவு நரம்பு.