கருஞ்சரளையில் காய்க்கும் திராட்சை

கண்ணுக்கெட்டிய தூரம் வரை கரி கொட்டியதுபோல் கறுத்த நிலம். அதில் ஆயிரக்கணக்கான குழிகள். ஒவ்வொரு குழிக்கும் ஓரத்தில் பிறை வடிவில் அடுக்கிய கல்சுவர், அடியில் பச்சையாக ஒரு திராட்சைக்கொடி. ஸ்பெயினைச் சேர்ந்த கேனரித் தீவுகளில் ஒன்றான லான்சரோட்டேயில், லா ஹேரியா என்ற பகுதி இப்படித்தான் இருக்கும். இங்கே ஆண்டுக்குச் சராசரியாக 150 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் மழை. சொட்டுநீர்க் குழாய் இல்லாமலே இந்தக் கொடிகள் தலைமுறை தலைமுறையாகக் காய்த்துவந்திருக்கின்றன. எப்படி?

1730 செப்டம்பர் 1 அன்று இரவு, திமான்பாயா அருகே பூமி பிளந்தது. யாய்சா ஊர்ப் பாதிரியார் அதைக் குறிப்பெழுதி வைத்திருக்கிறார். நெருப்பு அடங்க 1736 ஆயிற்று. எரிமலைக் குழம்பு பாய்ந்த இடங்களில் ஊர்களும் கோதுமை வயல்களும் பாறைக்கடியில் போயின. அங்கே இனி எதுவும் விளையாது. ஆனால் குழம்பு எட்டாத இடங்களில் விழுந்தது வேறு பொருள்: பட்டாணி, சுண்டல் அளவில் துளைத்துளையான கருஞ்சரளை. தீவுக்காரர்கள் இதைப் 'பிக்கோன்' என்கிறார்கள்.

சூட்சுமம் இந்தச் சரளையில்தான். அகல் விளக்கில் திரி எப்படி எண்ணெயை மேலே இழுக்கிறதோ, அப்படித்தான் வெறும் மண்ணும் செய்கிறது. மண்துகள்களுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளிகள் அடியிலிருக்கும் ஈரத்தை மேற்பரப்புக்கு ஏற்றிவிட, வெயிலும் காற்றும் அதைக் குடித்துவிடுகின்றன. சரளைக் கற்களுக்கு நடுவே இருக்கும் சந்துகளோ பெரியவை. நீர் அவற்றின் வழியே மேலேற முடியாது. திரி அங்கே அறுந்துவிடுகிறது. மழை பெய்தால் மட்டும் அந்தச் சந்துகள் வழியாகவே நீர் சரசரவென்று கீழே இறங்கிவிடும். இறங்க வழி உண்டு, ஏற வழி இல்லை. உழவர்கள் வைக்கோலைக் கொண்டு போடும் மூடாக்கை இங்கே எரிமலை போட்டுவிட்டது.

வெயிலில் சரளையின் மேற்புறம் கொதிக்கும். ஆனால் அதன் துளைகளில் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கீழே கடத்துவதில்லை; அடிமண் குளிர்ச்சியாகவே இருக்கும். இரவுப் பனியைச் சரளை உறிஞ்சிக் கொடிக்குக் கொடுக்கிறது என்று சுற்றுலாப் பயணிகளிடம் விரிவாகச் சொல்வார்கள். கேட்க அழகுதான். ஆனால் பெரும்பங்கு வேலை, விழுந்த மழையை ஆவியாகவிடாமல் காப்பதுதான்.

பிறகு குழி எதற்கு? லா ஹேரியாவில் சரளை சில இடங்களில் ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே குவிந்து கிடக்கிறது. அதில் சத்து கிடையாது. அடியில் புதைந்த பழைய மண்ணை வேர் தொட வேண்டுமானால் தோண்டித்தான் ஆக வேண்டும். சில குழிகள் 3 மீட்டர் ஆழம். வடகிழக்கிலிருந்து ஓயாமல் வீசும் வணிகக் காற்று கொடியை முறிக்காமலிருக்க அந்தப் பிறைச்சுவர். சாந்து இல்லாமல் வெறும் கல்லை அடுக்கிக் கட்டியது. நினைவுப் பொருள் கடையில் தொங்கும், ஒலிவின் என்ற பச்சைக் கல்லில் கோத்த மாலையைவிட, இந்தத் தீவின் அசல் கைவினை இதுதான் என்பேன்.

விலை இல்லாமலும் இல்லை. குழிக்கு ஒன்றிரண்டு கொடி என்றால் ஏக்கருக்கு எத்தனை தேறும்? இயந்திரம் இறங்க வழியில்லை. மல்வசியா திராட்சையைக் குழிகுழியாக இறங்கிக் கையால்தான் பறிக்க வேண்டும். அதனால் இங்கத்து ஒயின் மலிவாகக் கிடைக்காது. 1775-இல் தொடங்கிய எல் கிரிஃபோ ஒயின் ஆலை இன்றும் இயங்குகிறது.

சரளை மூடி நிரந்தரமும் அல்ல. காற்று கொண்டுவரும் தூசியும் அடிமண்ணும் ஆண்டுகள் போகப்போகச் சந்துகளில் அடைகின்றன. அறுந்த திரி மறுபடி ஒட்டிக்கொள்கிறது. ஈரம் மேலேறத் தொடங்குகிறது. அப்போது பழைய சரளையை வாரிவிட்டுப் புதியதைப் பரப்ப வேண்டும். 1736-இல் எரிமலை நிறுத்திய வேலையை, மனிதர்கள் மண்வெட்டியால் தொடர்கிறார்கள்.