காயத்துக்குள் திணியுங்கள்: பெரும் ரத்தப்போக்கும் உறையவைக்கும் கட்டுத்துணிகளும்

அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் ஆழமான காயங்களில் நான் அடிக்கடி காண்பது இதுதான்: காயத்தின் மேல் ஒரு துண்டு, அதன் மேல் பஞ்சு, அதையும் மூடிச் சுற்றுச் சுற்றாக பேண்டேஜ். பிரித்துப் பார்த்தால் அடியில் ரத்தம் நிதானமாக ஊறிக்கொண்டே இருக்கும். கட்டியவர்கள் அக்கறையோடுதான் கட்டியிருப்பார்கள். அத்தனை துணியும் ரத்தத்தை உறிஞ்சியிருக்கும். அறுபட்ட நாளத்தின் மேல் மட்டும் அழுத்தம் விழுந்திருக்காது.

பெரியவர் ஒருவர் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. தொடையின் பெரிய தமனி அறுபட்டால், உயிரைப் பறிக்கும் அளவு வெளியேறச் சில நிமிடங்கள் போதும். ரத்தம் இறங்க இறங்க உடல் குளிர்கிறது. ரத்தத்தில் அமிலத்தன்மை ஏறுகிறது. இரண்டும் சேர்ந்து உறையும் திறனைக் கெடுக்கின்றன. முதல் நிமிடத்தில் எளிதாக நின்றிருக்கக்கூடிய ரத்தம், பிறகு அறுவை அரங்கில்கூட எங்களோடு மல்லுக்கட்டுவது இதனால்தான்.

கையிலோ காலிலோ ரத்தம் பீறிட்டால், உறுப்பைச் சுற்றி இறுக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்தும் பட்டையான டூர்னிக்கே போதும். காயத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே, மூட்டின் மீது படாமல் போட்டு, ரத்தம் நிற்கும்வரை இறுக்கி, போட்ட நேரத்தை எழுதி வைக்க வேண்டும். மெல்லிய கயிறும் மின்கம்பியும் வேண்டாம். அவை சதையை அறுக்கும், ஆழத்தில் ஓடும் தமனியை எட்டாது.

சிக்கல் வருவது தொடை இடுக்கு, அக்குள், கழுத்தடி ஆகிய இடங்களில். அங்கே எதைச் சுற்றி இறுக்குவது? ரத்தத்தை உறையவைக்கும் கட்டுத்துணிகள் தங்கள் மதிப்பைக் காட்டுவது இங்கேதான்.

இவை போர்க்களத்துக்காக உருவானவை. 2000-களின் தொடக்கத்தில் வந்த ஜியோலைட் என்ற கனிமத்தின் குறுமணிகளைக் காயத்தில் கொட்டினால், அவை நீரை உறிஞ்சி உறைபொருள்களைச் செறிவாக்கும். கூடவே வெப்பத்தையும் கக்கும். சதை வெந்துபோன காயங்களும் உண்டு. ஸ்மெக்டைட் களிமண்ணில் செய்த இன்னொரு குறுமணி, ரத்த நாளத்துக்குள் புகுந்து அடைப்பை உண்டாக்கக்கூடும் என்று விலங்குச் சோதனைகளில் தெரிந்ததும், 2009-இல் அமெரிக்க ராணுவம் அதைக் கைவிட்டது. பீறிடும் ரத்தத்தின் எதிரே தூளைக் கொட்டினால் பாதி அடித்துக்கொண்டு போய்விடும் என்பது வேறு விஷயம். இத்தகைய பாடங்களால்தான் மருந்தைத் துணியிலேயே ஏற்றும் முறை வேரூன்றியது. 2008 முதல், கயோலின் ஏற்றிய காஸ் துணியை அந்த ராணுவத்தின் போர்க்கள மருத்துவக் குழு முதல் தெரிவாகப் பரிந்துரைத்தது.

கயோலின் ஒரு வகைக் களிமண். ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களான உறைகாரணிகளில் பன்னிரண்டாவதைத் தூண்டி, உடல் தானே செய்யும் வேலையை வேகப்படுத்துகிறது. இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கப்படும் கைட்டோசானின் வழி வேறு. அதன் நேர்மின்னூட்டம் எதிர்மின்னூட்டம் கொண்ட சிவப்பணுக்களை இழுத்து, பசைபோன்ற அடைப்பை உண்டாக்குகிறது. உடலின் உறைகாரணிகளை அது பெரிதாக நம்பியிருப்பதில்லை. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மருந்து உட்கொள்பவர்களிடமும், உடல் குளிர்ந்துபோனவர்களிடமும் இந்த வேறுபாடு முக்கியம். இறால் ஒவ்வாமை உள்ளவருக்கு இதை வைக்கலாமா என்று பயிற்சி வகுப்புகளில் தவறாமல் கேட்கிறார்கள். உயிர் வடிந்துகொண்டிருக்கும்போது அதற்காகத் தயங்க வேண்டியதில்லை என்பதே என் பதில்.

எந்தத் துணியானாலும் கை தெரிந்திருக்க வேண்டும். தேங்கிய ரத்தத்தை முதலில் துடைத்தெடுங்கள். ஊற்று எங்கே என்று தெரிய வேண்டும். விரலை உள்ளே விட்டால், பீறிடும் இடத்தில் வெதுவெதுப்பான துடிப்பு விரல் நுனியில் இடிக்கும். அங்கேயே எலும்பை நோக்கி அழுத்துங்கள். அந்த விரலை எடுக்காமல், மறுகையால் துணியின் நுனியை விரலடியில் நுழையுங்கள். ஒரு விரல் அழுத்திக்கொண்டிருக்க, மறுவிரல் அடுத்த மடிப்பைத் தள்ள, இப்படி மாறி மாறி ஊற்றின் மேலேயே அடைத்துக்கொண்டு வாருங்கள். குழி நிரம்பித் துணி தோலுக்கு மேல் மேடாக எழும்ப வேண்டும். காயம்பட்டவர் வலியால் அலறுவார். நிறுத்தாதீர்கள்.

பிறகு மண்டியிட்டு, முழங்கைகளை மடக்காமல், உடல் எடை முழுவதும் இறங்கும்படி 3 நிமிடம் அழுத்துங்கள். பலரும் தவறுவது இங்கேதான். அரை நிமிடத்தில் ‘நின்றுவிட்டதா’ என்று தூக்கிப் பார்த்தால், அப்போதுதான் பிடித்த உறைவு பிய்ந்துவிடும். ரத்தம் மீண்டும் ஊறினால் மேலே துணியை அடுக்கிக்கொண்டே போவதில் பெரிய பயனில்லை, அழுத்தம் பரவிப்போகும். இடமிருந்தால் இன்னும் ஆழமாகத் திணித்து, மறுபடி அழுத்த வேண்டும். பயிற்சி பெற்றவர் கையில் புதிய துணி இருந்தால், பழையதை எடுத்துவிட்டு முதலிலிருந்தே அடைக்கலாம்.

மருந்தேற்றிய துணி இல்லையா? சாதாரண காஸ் துணியையோ சுத்தமான பருத்தித் துணியையோ இதே முறையில் அடைத்து, கூடுதல் நேரம் அழுத்துங்கள். சரியாக அடைத்த சாதாரண துணி, மேலோட்டமாக வைத்த விலையுயர்ந்த துணியைவிட நன்றாக வேலை செய்யும்.

மார்பு, வயிறு, மண்டை ஓட்டுக் காயங்களில் திணிக்கக் கூடாது. வயிற்றுக்குள் ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று வெளியிலிருந்து தெரியாது. அதற்கு அறுவை சிகிச்சைதான் வழி. குத்தி நிற்கும் கத்தியையோ கம்பியையோ பிடுங்காதீர்கள். அசையாதபடி சுற்றிலும் துணி வைத்துக் கட்டிவிடுங்கள்.

ரத்தம் நின்றதும் மேலே அழுத்தக் கட்டு போட்டு, ஈர உடையை அகற்றி, போர்வையால் போர்த்துங்கள். துணியின் காலி உறையை எறியாமல் நோயாளியுடனேயே அனுப்புங்கள். எந்த வகை, எத்தனை துணிகள் உள்ளே இருக்கின்றன என்பது அறுவை மருத்துவருக்குத் தெரிய வேண்டும். ராணுவத்துக்கான காஸ் துணிகளில் எக்ஸ்ரேயில் தெரியும் இழை ஓடுவது, எதுவும் உள்ளே தங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

முதலுதவிப் பெட்டியில் வைத்திருப்பவர்கள் காலாவதித் தேதியை அவ்வப்போது பாருங்கள். தேதி கடந்ததைக் குப்பையில் போடாமல், நடுவில் ஆழமாகக் கீறிய நுரைப்பஞ்சில் திணித்துப் பழகுங்கள். முதல் முறை பழகும் எவருக்கும் வியப்பாக இருப்பது, அந்தச் சிறு கீறலுக்குள் எவ்வளவு நீளத் துணி போகிறது என்பதுதான்.